தெருவிளக்குக் கோப்பும் ஓரியன் நெபுலாவும்

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் எவருக்கும் வானத்தைப் பார்க்கத் தெரியாது என்று நான் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கழுத்து இருக்கிறது, கண் இருக்கிறது, தலைக்கு மேலே இவ்வளவு பெரிய வானம் கிடக்கிறது. ஆனால் இந்தச் சனம் அண்ணாந்து பார்ப்பதெல்லாம் மழை வருமா, தேங்காய் விழுமா என்று பார்க்கத்தான். ஒரு வைகாசியில் வவுனியாவில் கலியாணம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பட்டப்பகல் பத்தரை மணிக்கு ஐயர் மணமக்களை மண்டப வாசலுக்குக் கூட்டிவந்து, கையை நீட்டி அருந்ததியைக் காட்டினார். அவர் காட்டிய திசையில் ஒரு தண்ணீர்த் தாங்கி நின்றது. இருவரும் தலையை ஆட்டினார்கள். வீடியோக்காரர் இன்னொருதரம் பார்க்கச் சொன்னார், இன்னொருதரம் பார்த்தார்கள். அந்த நேரத்தில் அருந்ததி அடிவானத்துக்குக் கீழே கிடக்கிறது என்று பக்கத்துக் கதிரையில் இருந்தவருக்குச் சொன்னேன். அவர் எழும்பிச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

தொலைநோக்கி எனக்கு வந்த கதையும் சிரிப்புக்கு இடமானதுதான். கனடாவில் இருக்கும் என் தம்பி அதைத் தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்தான். மகன் ஒரே ஒரு தடவை கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, போனில் இதைவிட வடிவாகத் தெரிகிறது என்றானாம். எங்கள் சொந்தக்காரருக்கு அங்கே எறிய மனம் வராத சாமான் எல்லாம் இங்கே அன்பளிப்பாகிவிடும். அப்படி ஒரு பெட்டியில், பழைய குளிர்ச்சட்டைகளுக்கும் சொக்கிலேற் பைகளுக்கும் நடுவில், அந்தக் குழாய் வந்து இறங்கியது. பிறகு ஒரு பழைய கமராவையும், குழாயை வானத்தோடு சேர்த்து மெல்லத் திருப்பும் மோட்டரையும் நானே தேடிப் பிடித்தேன். ஐம்பது வயதில் இது என்ன விளையாட்டு என்று மனைவி கேட்டாள். விளங்காதவர்களுக்கு விளக்கம் சொல்லி என்ன பயன் என்று நான் குழாயைத் துடைக்கப் போனேன்.

நெபுலா என்றால் நட்சத்திரங்களுக்கு நடுவில் கிடக்கும் வாயுவும் தூசும். ஓரியன் என்கிற வேட்டைக்காரனின் இடுப்புப்பட்டிக்குக் கீழே அப்படி ஒன்று இருக்கிறது. வெறும் கண்ணுக்கு அது அழிறப்பரால் தேய்த்த இடம்போல மங்கலாகத்தான் தெரியும். கமராவை மூன்று நிமிடம் திறந்து வைத்தால் சிவப்பும் நீலமுமாக விரியும். அப்படி நாற்பது ஐம்பது படம் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் பார்க்கும்படியான ஒரு படம் கிடைக்கும். இதற்கு இருட்டு வேண்டும். நகரத்துப் பக்கத்து வானத்தை பஸ் நிலையமும் கடைகளின் விளம்பரப் பலகைகளும் சேர்ந்து எப்போதோ பழுப்பாக்கிவிட்டன. நகரத்தின் விளிம்பில், பிரதான வீதியிலிருந்து பிரிந்து வயல் வரப்பில் போய் முடியும் எங்கள் ஒழுங்கை மட்டும் தப்பிக் கிடந்தது. காரணம், அதில் ஒரு தெருவிளக்கும் இல்லை.

அந்த விளக்கு வராமல் பார்த்துக்கொண்டவன் நான்தான்.

நான் உள்ளூர்ச் சபையொன்றில் எழுதுவினைஞர். தெருவிளக்குக் கோப்புகள் என் மேசைக்குத்தான் வரும், ஆனால் அயலில் எவருக்கும் அது தெரியாது. ஒருநாள் பின்னேரம் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வளவு தள்ளி இருக்கும் ஒரு வயதான அம்மா, ஒழுங்கைக்கு விளக்குக் கேட்டு எழுதிய விண்ணப்பத்தோடு கையெழுத்து வாங்க வந்தா. அவாவின் மகள் ஆடைத் தொழிற்சாலையில் இரண்டாம் நேர வேலை செய்பவள். முப்பத்தைந்து வயது இருக்கும். இரவு பத்தரைக்கு பஸ் அவளைச் சந்தியில் இறக்கிவிடும், அங்கிருந்து ஒழுங்கை முழுவதும் தனியாக நடந்து வரவேண்டும்.

"பிள்ளை வந்து சேருமட்டும் எனக்கு உயிர் இல்லை தம்பி" என்றா.

நான் கையெழுத்துப் போட்டேன். போடாமல் என்ன செய்வது? சபையில் வேலை செய்துகொண்டு தன் ஒழுங்கைக்கு விளக்கு வேண்டாம் என்று எவனாவது சொல்லுவானா? அடுத்த வாரம் அதே விண்ணப்பம், என் கையெழுத்தோடு, என் மேசைக்கு வந்தது. கேட்ட மின்கம்பம் எங்கள் வேலியோரம், ஓரியன் மேற்கே சரியும் பக்கத்தில் நின்றது. அதில் விளக்கு எரிந்தால் என் படங்கள் அவ்வளவும் பாழ். "ஒழுங்கையின் பெயர் தெளிவில்லை, தெளிவுபடுத்தவும்" என்று ஒரு கடிதம் தயாரித்து, செயலாளரின் கையொப்பம் வாங்கி அனுப்பிவிட்டேன்.

எங்கள் ஒழுங்கைக்குப் பெயர் கிடையாது. வன்னியில் எத்தனை ஒழுங்கைக்குப் பெயர் இருக்கிறது?

இனி நடந்ததை நினைத்தால் எனக்கே என்னை அறையவேண்டும் போல இருக்கும். அந்த அம்மா கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தா. "தம்பி கந்தோரில இருக்கிறனீங்கள், உங்களுக்கு விளங்கும். என்ன எழுதிக் கிடக்கு எண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ." நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் எழுதிய கடிதத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். ஒழுங்கைக்குப் பெயர் கேட்கிறார்கள் என்று விளக்கமும் சொன்னேன்.

"உதில இருக்கிறதுகளுக்குக் கண் இல்லையோ? மனம் எண்டு ஒண்டு இல்லையோ?" என்று அவா கேட்டா.

"அப்பிடித்தான் அம்மா, என்ன செய்யிறது" என்றேன்.

மனைவி குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அம்மா சளைக்கவில்லை. ஒழுங்கைச் சனம் கூடி ஒரு பெயர் வைத்து, அதைக் கிராம அலுவலரான விதானையார் உறுதிப்படுத்திய கடிதத்தோடு இரண்டாந்தரம் கொடுத்தார்கள். நான் மின்கம்பத்தின் இலக்கம் கேட்டேன். கம்பத்தில் இலக்கம் அழிந்துபோயிருந்தது. மின்சாரக் கந்தோருக்கு நடையாய் நடந்து அதையும் எடுத்து வந்து மூன்றாந்தரம் கொடுத்தார்கள். நான் வரைபடம் கேட்டேன். ஒவ்வொரு கடிதத்தையும் அம்மா என்னிடம்தான் கொண்டுவந்து வாசிப்பித்தா. கேட்டதைக் கேட்டபடி கொண்டுவந்து கொடுக்கும் இந்தச் சனத்தை நினைத்து அப்போது நான் உள்ளுக்குள் சிரித்தேன். ஒருதரமாவது வந்து மேசையில் அடித்துக் கேட்டிருந்தால் பயந்து கொடுத்திருப்பேன். வரிசையில் நின்றே பழகிய சனம், கடதாசி கேட்டால் கடதாசி தேடத்தான் போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் துணிவில்தான் ஓரியன் இரவில் தெரியும் இரண்டு பருவத்தை ஓட்டினேன்.

இதற்கிடையில் என் படங்களை முகப்புத்தகத்தில் போட்டேன். "அருமை", "எங்கட ஊரிலயா?" என்று எழுதினார்கள். ஒருவர் இதற்குள் பிள்ளையார் தெரிகிறார் என்று வட்டம் போட்டு அனுப்பினார். இன்னொருவர் தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படத்துக்குப் பின்னால் என் நெபுலாவை ஒட்டி, பெரிய பதாகையாக அடித்துச் சந்தியில் கட்டினார். இப்படிப்பட்டவர்களுக்கு எதற்கு வெளிச்சம் என்று நினைத்தேன்.

இரண்டாம் வருட மாசியில் ஒருநாள் வானம் கழுவிவிட்டது போலத் தெளிந்திருந்தது. நான் வளவில் குழாயை நிறுத்தி, நெற்றியில் சிவப்பு லைற்றைக் கட்டிக்கொண்டு நின்றேன். சிவப்பு வெளிச்சம் கண்ணைக் கூசவைக்காது, இருட்டுக்குப் பழகிய கண் பழகியபடி இருக்கும், அதனால்தான் அந்த நிறம். பத்தரை தாண்டி ஒழுங்கையில் அந்த அம்மாவின் மகளுடைய செருப்புச் சத்தம் கேட்டது. வழமையாக அது நிற்காமல் போகும். அன்று எங்கள் வேலியடியில் நின்றது.

"அண்ணை, இண்டைக்கும் நிக்கிறீங்களோ?"

"ஓம் பிள்ளை."

"உங்களுக்குத்தான் பெரிய கரைச்சல். நான் ஒருத்தி வாறதுக்காக நித்திரை முழிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள்தான் தொடர்ந்தாள். "சந்தியில இறங்கினவுடன உந்தச் சிவத்த லைற்றைத்தான் பாப்பன். அது தெரிஞ்சால் அண்ணை நிக்கிறார் எண்டு பயமில்லாமல் நடந்து வந்திடுவன். அம்மா வரைபடம் கீறிக்கொண்டு இன்னொருக்காப் போறன் எண்டு நிண்டவா. நான்தான் வேண்டாம் எண்டனான். உந்தக் கந்தோருக்கு அலையிறதை விட அண்ணை நிக்கிறது காணும் எண்டு சொன்னனான்."

என் கை நெற்றியில் இருந்த லைற்றுக்குப் போனது.

"முகில் போட்ட நாளிலதான் நீங்கள் நிக்கிறேல்லை. அண்டைக்குக் கொஞ்சம் பயம்தான். ரெண்டு தரம் மதகடியில ஆரோ நிண்டவங்கள், ஓடி வந்தனான். குறையாச் சொல்லேல்லை அண்ணை, மனுசருக்கு நித்திரையும் வேணும்தானே. சரி, வாறன்."

முகில் போட்ட நாளில் நான் ஏன் வெளியில் வரப்போகிறேன்? ஒரு நட்சத்திரமும் இல்லாத, ஒழுங்கை கண்ணைக் கட்டியது போல இருண்டு கிடக்கும் அந்த நாட்களில் நான் போர்த்துக்கொண்டு நித்திரை கொண்டேன். அவள் ஓடி வந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும், அவள் போனதும் நான் முதலில் பார்த்தது மோட்டர் ஓடுகிறதா என்றுதான். இன்னும் பன்னிரண்டு படம் மிச்சம் இருந்தது. எடுத்து முடித்துவிட்டுத்தான் படுத்தேன், நித்திரை வரவில்லை.

காலையில் கந்தோருக்குப் போனதும் முதல் வேலையாகக் கோப்பை எடுத்து, வரைபடம் தேவையில்லை என்று குறிப்பெழுதிச் செயலாளரிடம் வைத்தேன். அவர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடம் முடியாத காரியம் ஒரு கிழமைக்குள் முடிந்தது. கம்பத்தில் வெள்ளை விளக்கு ஏறியது. எங்கள் வளவில் எறும்பு ஊருவதுகூடத் தெரிந்தது.

அடுத்த நாள் அம்மா ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு வந்தா. "தம்பிதான் உள்ளுக்க நிண்டு கதைச்சு எடுத்துத் தந்தது. நீங்கள் நல்லா இருக்கவேணும்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டா. நான் பழத்தை வாங்கி மேசையில் வைத்தேன். அவா படலையைத் தாண்டும் மட்டும் மனைவி பொறுத்திருந்தாள்.

"சாப்பிடுங்கோ" என்றாள், "செமிக்கும் எண்டால்."

அன்றிரவு குழாயை வெளியே எடுத்து வைத்தேன். படம் எடுக்க வழியில்லை என்று தெரிந்தும், பழக்கதோசத்தில் எடுத்து வைத்துவிட்டேன். பத்தரைக்கு அவள் வந்தாள். விளக்கு வெளிச்சத்தில் முதன்முதலாக அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. களைத்துப்போன முகம்.

"லைற் பூட்ட வந்தவர் சொன்னவர் அண்ணை" என்றாள். "கோப்பு இவ்வளவு நாளும் உங்கட மேசையிலதானாம் கிடந்தது."

நான் குழாயின் மூடியைக் கழற்றி, மறுபடி அதையே போட்டு மூடினேன்.

"அம்மாட்டச் சொல்லேல்லை. அவா உங்களைக் கும்பிடுறா. ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணை. கம்பத்தில சுவிச் இருக்குத்தானே. நான் வந்து சேருமட்டும் எரிஞ்சால் காணும். பிறகு நூர்த்துவிட்டால் உங்களுக்கும் இருட்டுத்தானே."

எங்கள் சபையின் விளக்குகளில் பாதிக்குமேல் இன்னும் கையால் போட்டு நூர்ப்பவைதான். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. விண்ணப்பப் படிவத்தின் கடைசி வரியே, விளக்கைப் போடவும் நூர்க்கவும் பொறுப்பேற்பவர் யார் என்பதுதான். அந்த வரியில் அவள் தன்னுடைய பெயரை எழுதியிருந்தாள். மூன்று தரமும் எழுதியிருந்தாள். மூன்று தரமும் அதை நான் வாசித்திருந்தேன்.

"பொறுங்கோ" என்று சொல்லி, அவள் கம்பத்தடிக்குப் போய்க் கையை உயர்த்தினாள். விளக்கு நூர்ந்தது. கம்பத்துக்கு மேலே, மேற்கில், ஓரியன் இருந்த இடத்திலேயே இருந்தது.

"வடிவா எடுங்கோ அண்ணை."

இருட்டுக்குள் அவளுடைய செருப்புச் சத்தம் வயல் பக்கமாக நகர்ந்தது. நான் கமராவைத் தொடவில்லை. மூன்று வளவு தள்ளிப் படலை திறக்கும் சத்தமும், பிறகு அது மூடும் சத்தமும் கேட்கும் வரைக்கும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வீடு போய்ச் சேர்ந்தாளா என்று நான் பார்த்து நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை.