பஸ்யூனி கத்தாத பிற்பகல்

இன்சாஃப் பாடிய பழைய கச்சேரிகளை இன்றைக்கும் வானொலியில் போடுகிறார்கள். அவள் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில், கைதட்டல் கிளம்புவதற்கு முன்னால், ஓர் ஆண்குரல் தனியாக எழும்பும். "அல்லாஹ்! நபி மேல ஆணை, இன்னொரு தரம்!" கரகரத்த குரல், பீப்பாய்க்குள் தலையை விட்டுக் கத்தியது போல. அது யார் குரல் என்று பேப்பர்க்காரர்கள் என்னென்னவோ எழுதினார்கள். பெரிய நிலக்கிழார் என்றான் ஒருத்தன், காதலில் பித்துப் பிடித்த டாக்டர் என்றான் இன்னொருத்தன். மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு வேறென்ன தெரியும்? ஒரு நடை கெய்ரோவின் சைய்யிதா ஸைனப் பேட்டைப் பக்கம் வந்து கேட்டிருந்தால் கழுதை வண்டிக்காரன் கூடச் சொல்லியிருப்பான். அது ஊறுகாய்க்கடை பஸ்யூனி.

பஸ்யூனி நைல் டெல்டாக்காரன். ஒரே ஒரு பீப்பாயோடு கெய்ரோவுக்கு வந்து, மசூதிச் சுவரோரம் வெயிலில் நின்று விற்று, பிறகு கடை பிடித்து, பெயர்ப்பலகை மாட்டியவன். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் தன் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டுமென்று பெயிண்டரோடு சண்டை போடத் தெரியும். வெறுங்கையோடு வந்து எழுந்தவனுக்குக் கொஞ்சம் வாய் நீளமாகத்தான் இருக்கும். அதில் தப்பில்லை. அவன் பெருமை பேசியது கடையைப் பற்றி அல்ல, இன்சாஃபைப் பற்றி.

"அவள ஆளாக்கினது யாரு? இந்த வாய்தான்" என்பான், ஊறவைத்த எலுமிச்சையைக் கரண்டியில் அள்ளிக்கொண்டே.

அவன் மனைவி நஈமா உள்ளேயிருந்து விடமாட்டாள். புருஷனை மகன் பேரை வைத்துத்தான் சொல்லுவாள். "ஆமா, அல்லா அவளுக்குக் கொரலக் குடுத்தான், ஹஸனோட அப்பா அதுக்கு உப்புப் போட்டாரு."

நடந்தது இதுதான். அவன் கெய்ரோ வருவதற்கு முன்னால், டெல்டாவில் தன்தா ஊர்ப் பக்கத்தில் ஒரு பருத்தித் தரகர் வீட்டுக் கல்யாணம். இன்சாஃபின் அப்பா கல்யாணங்களுக்கு மேளம் அடிக்கிறவர். அவள் அவர் பின்னால் நின்று பாடுகிற மெலிந்த பெண். ஆட்டிறைச்சி வந்துவிட்டது, பாட்டை யார் கேட்பார்கள்? தட்டுச் சத்தத்தில் அவள் குரல் மூழ்கிப் போயிற்று. ஊறுகாய் பரிமாற வந்திருந்த பஸ்யூனி மட்டும் ஒரு வரியில் அப்படியே நின்றான். கரண்டி கையிலிருந்து விழுந்தது. தன்னை அறியாமல் கத்தினான். விருந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் பயந்துபோய் அவனைப் பார்த்து, கேட்ட வரியை மறுபடி பாடினாள். இரண்டாவது தரம் பாடியபோது அது வேறு வரியாக இருந்தது. இன்னொரு தரம் என்று கேட்கக் கேட்கத்தான் அந்த நாட்டில் பாட்டு வளரும். ஒரே வரியை ஏழெட்டு விதமாகப் பிழிந்து கொடுப்பாள் பாடகி. கேட்கிறவன் கத்தாவிட்டால் அவள் அடுத்த வரிக்குப் போய்விட வேண்டியதுதான். சபை சும்மா இருந்தால் பாடியது செத்துவிட்டது என்று பொருள். அன்று அந்தத் தரகர் வீட்டில் ஒருத்தரும் சோற்றுக்குத் திரும்பவில்லை.

அதற்கப்புறம் அவள் கெய்ரோ வந்தாள், காப்பிக்கடை மேடையில் பாடினாள், இசைத்தட்டு வந்தது, சினிமா வந்தது. முதல் படத்தில் துணி வெளுக்கிற அநாதைப் பெண். கடைசிக் காட்சியில் அவள் ஈரத்துணியைப் பிழிந்தபடி பாடும்போது தியேட்டரில் ஆண்கள் முகத்தை மறைக்காமல் அழுதார்கள். அவளை வைத்துப் படமெடுத்தவனே அவளைக் கட்டிக்கொண்டான். பத்துப் படம் ஓடியதும் இளசாய் ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டான். இரண்டாவதாகக் கட்டிய ராணுவ அதிகாரி, பாட்டை விடு என்றான். அவள் அவனை விட்டாள். பிள்ளை இல்லை. முகத்தில் வயசு தெரிய ஆரம்பித்ததும் அம்மா வேஷத்துக்குக் கூப்பிட்டார்கள். மாட்டேனென்று சொல்லிவிட்டாள். கடைசியில் அவளுக்கு மிஞ்சியது வருஷத்துக்கு ஒரு சில கச்சேரிகளும், மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஊறுகாய்க்காரனும்தான்.

ஒவ்வொரு கச்சேரிக்கும் அந்த நாற்காலி டிக்கெட்டை அவளே அனுப்பிவிடுவாள். பஸ்யூனி கைகளை எலுமிச்சையால் தேய்த்துக் கழுவி, இஸ்திரி போட்ட கல்லாபிய்யா அங்கியை மாட்டிக்கொண்டு போவான். ஆனாலும் வினிகர் வாசனை போகாது. பக்கத்து நாற்காலி சீமாட்டிகள் மூக்கைப் பொத்துவார்கள். இன்சாஃப் மேடைக்கு வந்ததும் முதலில் அந்த வாசனை இருக்கும் திசையைத்தான் பார்ப்பாள். அவன் வாய் திறந்த பிறகுதான் அரங்கம் வாய் திறக்கும். அப்படிப் பழகிப் போயிற்று.

அந்த வருஷம் வசந்தப் பண்டிகைக்குக் கச்சேரி ஏற்பாடாயிற்று, பிற்பகலில். ஊரே உப்பு மீனும் வெங்காயமும் ஊறுகாயுமாகத் தின்கிற நாள். பஸ்யூனிக்கு வருஷத்திலேயே பெரிய வியாபாரம். கடையை மகன் ஹஸனிடம் விட்டுப் போவது என்று அவன் முன்பே முடிவு செய்திருந்தான்.

பண்டிகைக்கு முந்தின நாள் ஹனஃபி வந்தார். இன்சாஃபின் குழுவில் வயலின் வாசிக்கிறவர், அவளோடு நரைத்தவர். கடைக்கூட்டம் கலைகிறவரை ஓரமாக நின்றார்.

"முஅல்லிம் பஸ்யூனி, தனியா ஒரு வார்த்த."

"சொல்லுங்க உஸ்தாத். டர்னிப் நல்லா ஊறியிருக்கு, வாயில போட்டுக்கிட்டே சொல்லுங்க."

அவர் வாயில் போடவில்லை. "இன்சாஃபுக்குத் தொண்டையில கட்டி. டாக்டர் பாடவே கூடாதுன்னுட்டாரு. இவ கேக்க மாட்டேங்குறா. இதுதான் கடைசிக் கச்சேரி, முடிச்சிட்டு மரியாதையா எறங்கிடறேன்னு சொல்றா. ஆத்தங்கரைப் பாட்டுதான் ஆபத்து."

பஸ்யூனிக்குத் தெரியும். ஆற்றங்கரையில் நின்று படகைக் கூப்பிடுகிற பாட்டு. அதில் 'திரும்பி வா' என்று உச்சிக்குப் போகிற ஒரு வரி. அந்த வரிக்காகவே ஜனம் வருகிறது.

"ஒரு தரம் பாடிருவா. ரெண்டாந் தரம் போனா கிழிஞ்சிரும். நீ கேட்டா அவளால மாட்டேன்னு சொல்ல முடியாது. அதனால நாளைக்கு அந்த எடத்துல நீ வாயத் தொறக்காத."

பஸ்யூனி கையைத் துடைத்துக்கொண்டான். "அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னா மனசு ஒடஞ்சிருவா. என்னைப் பாத்துப் பரிதாபப்படறானான்னு கேப்பா. அவளுக்குத் தெரிய வேணாம். நீ மட்டும் சும்மா இரு, போதும்."

"நான் மட்டும் இருந்தாப் போதுமா?" பஸ்யூனி நெஞ்சை நிமிர்த்தினான். "மாடில ஒக்காந்திருக்கிற பசங்க கத்துவானுங்களே? நீங்க கவலைய விடுங்க உஸ்தாத். நான் ஒரு வார்த்த சொன்னா அந்த அரங்கத்துல ஈ கூடப் பறக்காது."

"அதெல்லாம் வேணாம்பா. நீ மட்டும்..."

"நீங்க போங்க உஸ்தாத், நான் பாத்துக்கறேன்."

ஹனஃபி போன பிறகு நஈமா கேட்டாள். "என்ன சொல்லிட்டுப் போறாரு, மொகம் சவக்களையா இருக்கு?"

"ஒரு பொறுப்பு குடுத்திருக்காரு."

"ஒங்களுக்கா? சும்மா இருக்கற பொறுப்பா இருந்தா அது ஒங்களால ஆவாது, ஹஸனோட அப்பா."

மறுநாள் அரங்கம் வெங்காய வாசனையில் மிதந்தது. பஸ்யூனி சீக்கிரமே போனான். வரிசை வரிசையாகத் தெரிந்த முகங்களைப் பிடித்தான். கசாப்புக்கடைக்காரன், நீதிமன்ற எழுத்தர், மாடியில் வழக்கமாகக் கத்தும் மாணவர் கூட்டம். எல்லார் காதிலும் ஒன்றே சொன்னான். "ஆத்தங்கரைப் பாட்டுல அந்த வரிக்கு யாரும் கத்தக் கூடாது. ஏன்னு கேக்காதீங்க. அவ மேல அன்பிருந்தா வாயக் கட்டுங்க." அவன் சொல் அரங்கத்தில் அவ்வளவு செல்லும். செல்லுமென்று காட்டுவதில் அவனுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இன்சாஃப் வந்தாள். கறுப்பு உடை, கழுத்தை மூடிய பட்டுத்துணி. முதல் இரண்டு பாட்டுக்கும் பஸ்யூனி கத்தினான், ஜனம் கத்தியது, அவள் சிரித்தாள். குரலில் கொஞ்சம் மணல் இருந்தது. யாரும் அதைக் கேட்க விரும்பவில்லை, அதனால் கேட்கவில்லை.

பிறகு ஆற்றங்கரைப் பாட்டு. அந்த வரி. அவள் கண்ணை மூடி மேலே போனாள், போய்த் தொட்டாள். ஹனஃபியின் வில் நின்றது. எவ்வளவு நாள் கழித்து அவள் அப்படித் தொட்டாள்! பஸ்யூனியின் வயிற்றிலிருந்து கத்தல் புறப்பட்டுத் தொண்டை வரை வந்துவிட்டது. வாயை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான்.

அரங்கத்தில் சத்தமில்லை. உத்தரத்து மின்விசிறி மட்டும் கடகடத்தது.

இன்சாஃப் கண்ணைத் திறந்தாள். மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். பஸ்யூனி குனிந்திருந்தான். அவள் முகத்தில் என்ன ஓடியது என்று அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அப்போதே கத்தியிருப்பான். ஹனஃபி அடுத்த வரிக்கு வில்லை எடுத்தார். அவள் கையை நீட்டி நிறுத்தினாள். யாரும் கேட்காமலே அந்த வரியை மறுபடி பாடினாள்.

இது அங்கே நடக்காத காரியம். கேட்காத சபைக்கு எந்தப் பாடகியும் திருப்பிப் பாட மாட்டாள். ஜனம் தவித்தது. எல்லாரும் பஸ்யூனியைப் பார்த்தார்கள், அனுமதி கொடு என்பது போல. அவன் விரல்களைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. மறுபடி மௌனம்.

மூன்றாவது தரம் அவள் வரியின் பாதியிலிருந்தே தாவினாள், இதுவரை போகாத உயரத்துக்கு, அந்த ஓரத்து நாற்காலியைப் பார்த்தபடியே. அங்கே குரல் கிழிந்தது. காய்ந்த துணி கிழிகிற சத்தம்தான், வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் பஸ்யூனி எழுந்தான். அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக வெடித்தது. "அல்லாஹ்!"

கிழிந்த குரலின் மேல் விழுந்தது அந்தக் கத்தல். மாடியில் எவனோ சிரித்துவிட்டான், கிண்டல் என்று நினைத்து. இன்சாஃப் பட்டுத்துணியைக் கழுத்தில் இறுக்கிக்கொண்டு, யாரையும் வணங்காமல் உள்ளே போனாள்.

பஸ்யூனி அவள் வீட்டுக்குப் போனான். எலுமிச்சை ஊறுகாய் ஜாடி ஒன்றையும் கொண்டு போனான், வெறுங்கையோடு எப்படிப் போவது? வாசல் காவலாளி ஜாடியைத் தொடவில்லை. "அம்மா யாரையும் பாக்க மாட்டாங்க." போனான், வந்தான், மறுபடி போனான். வெயில் காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் அவளே கதவுக்கு வந்தாள். தொண்டையில் கத்தி வைத்து முடித்திருந்தார்கள். வெறும் காற்றாகத்தான் பேச வந்தது.

"ஏன் பஸ்யூனி?"

அவன் எல்லாவற்றையும் கொட்டினான். டாக்டர், ஹனஃபி, வாயைக் கட்டச் சொன்னது. "நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒன் தொண்டைக்காகத்தான்..."

அவள் கேட்டு முடித்தாள். கோபப்பட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"தொண்ட எப்பிடியும் போயிருக்கும்" என்றாள். "நீ கேட்டு, நான் குடுத்து, அதுல அது ஒடஞ்சிருந்தா ராணியாப் போயிருப்பேன். என்ன மூணு தரம் கையேந்த வெச்சிட்டியே பஸ்யூனி. அந்தக் கல்யாண வீட்டுல கூட ஒரு தரந்தான்."

"தெரியாமச் செஞ்சிட்டேன் ஹானிம்."

"இந்த ஊறுகாய எடுத்துட்டுப் போ. எனக்கு முழுங்க முடியாது."

அவ்வளவுதான். பிறகு அவள் யாரோடும் பேசவில்லை என்றார்கள். அவள் இறந்தபோது ஜனாஸாவைத் தோளில் வாங்க ஊரே முட்டி மோதியது. பஸ்யூனி கூட்டத்தின் கடைசியில் நடந்தான். பக்கத்தில் ஹனஃபியும் நடந்தார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

கடையில் வானொலி உண்டு. அவள் கச்சேரி தொடங்கினால் முன்பெல்லாம் சத்தத்தைக் கூட்டி, தன் குரல் வருகிற இடத்தில் கரண்டியை உயர்த்திக் காட்டுவான். "கேட்டியா? நான்தான்!" இப்போது தொடங்கியதும் அணைத்துவிடுகிறான். புது வாடிக்கைக்காரர்கள் யாராவது கேட்பார்கள், "முஅல்லிம், நீங்கதானாமே அந்தக் கொரலு? ஒரு தரம் கத்திக் காட்டுங்களேன்." நஈமா உள்ளேயிருந்து விரட்டுவாள். "ஊறுகா வாங்க வந்தியா, கூத்து பாக்க வந்தியா? போ!" இப்போதெல்லாம் அவனை அவள் கிண்டல் செய்வதே இல்லை. அதுதான் அவனுக்கு அதிகமாக வலிக்கிறது.

அணைத்து என்ன பயன்? எதிரில் சவரக்கடை வானொலி இருக்கிறது. மூலையில் காப்பிக்கடை, மேலே மாடி வீடுகள், எல்லாவற்றிலும் அதே கச்சேரி. பஸ்யூனி உப்புத் தண்ணீரில் வெடித்த கையை முழங்கை வரை பீப்பாய்க்குள் விட்டபடி நிற்கிறான். இன்சாஃப் ஆற்றங்கரையில் படகைக் கூப்பிடுகிறாள். வரி முடிகிறது. தெரு முழுக்க, ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் அவனுடைய குரலே, இளசாக, வெட்கமில்லாமல், அவன் தலைக்கு மேல் கத்துகிறது.

"நபி மேல ஆணை, இன்னொரு தரம்!"

அவளும் பாடுகிறாள்.