காட்டுக் கோயிலில் கேட்ட தமிழ்

இரண்டாம் உலகப் போர் முடிந்து முப்பது வருடமாகிறது. மெல்பேர்னிலிருந்து வேலை விஷயமாக யப்பானுக்கு வந்த நானும் மனைவியும், மலைக்காட்டுக்குள் இருக்கும் பழைய ஷிண்டோ கோயிலில் நிற்கிறோம். தேவதாரு மரங்களுக்குக் கீழே வெயிலே விழவில்லை. வாசலில் கல்தொட்டி. முற்றம் கூட்டுகிற கிழவர், கை கழுவ மூங்கில் அகப்பையை நீட்டுகிறார்.

"எந்த ஊர்?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்.

"மெல்பேர்ன். பிறந்தது மலாயாவில். தமிழர்."

அவர் முகம் மலர்கிறது. "எனக்குத் தமிழ் தெரியும்!" என்றவர் தமிழிலேயே சொல்லிக் காட்டுகிறார்: "சீக்கிரம்! சீக்கிரம்!"

மனைவி சிரித்துவிடுகிறாள்.

"எங்கே பழகினீர்கள்?" என்கிறேன்.

"சியாமில். போர்க்காலத்தில், மலாயாத் தமிழர்களை வைத்து ரயில் பாதை போட்டபோது. நான் அங்கே சிப்பாய்."

மனைவி என் கையைப் பிடிக்கிறாள். "வாங்கோ, போவம்."

அப்பா கடைசியாகக் கேட்ட தமிழ் இந்தச் 'சீக்கிரம்'தானோ என்று நினைக்கிறேன். "என் அப்பாவையும் அந்த வேலைக்குத்தான் உங்கள் படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள்," என்கிறேன். "திரும்பி வரவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது."

கிழவர் துடைப்பத்தைச் சாய்த்து வைக்கிறார். இடுப்புவரை குனிந்து நெடுநேரம் வணங்குகிறார், கோயிலைப் பார்த்து. என் பக்கம் திரும்பவேயில்லை.