ஏழாவது அலைக்குப் பொறுப்பு: மாமா

என் மச்சான் அனுப்பிய எக்செல் ஷீட்டில் நாற்பத்திரண்டு வரிகள் இருந்தன. அவற்றில் பதினேழு வரிகளுக்கு நேராக, 'பொறுப்பு' என்ற கட்டத்தில் 'மாமா' என்று போட்டிருந்தது. அந்த மாமா நான்தான். அவன் என் மனைவியின் தம்பி. ஒரு மென்பொருள் நிறுவனத்தில், செய்து முடித்த வேலை சொன்ன தேதியில் வெளியே போகிறதா என்று பார்ப்பது அவன் உத்தியோகம். ஐம்பது வயது ஆனதும் மற்றவர்கள் முழு உடல் பரிசோதனைக்குப் போவார்கள். அவன் படகு வாங்கினான்.

பதினாறு அடி ஃபைபர் படகு, பின்னால் மாட்டுகிற மோட்டார், காரில் கட்டி இழுக்க ஒரு டிரெய்லர். பெங்களூரைத் தாண்டி அத்திபெலேயில் அவன் வாங்கிப் போட்டு வீடு கட்டாமலே விட்ட மனையில், முருங்கை மரத்தடியில் அதை நிறுத்தியிருந்தான். அங்கிருந்து கடலுக்கு ஐந்தரை மணி நேரம், வழியில் டிபன் சாப்பிடாவிட்டால். அக்கம்பக்கத்தார் முதல் வாரம் வந்து படகைப் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் அதன் மேல் துணி காயப்போட்டார்கள்.

திட்டம் எளிமையானது. கடலூர் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில், அவர்கள் அனுமதியோடு, சனிக்கிழமை விடியலில் படகை இறக்குவது. கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே ஒரு பார் இருக்கிறது. பார் என்றால் கடலடியில் கிடக்கும் பாறைத்திட்டு. சங்கரா மாதிரி மீன்கள் அங்கே ஒதுங்கும். தூண்டில் போட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவது. போகிறவர்கள் இரண்டே பேர். அவன் ஒருவன், கடல் தெரிந்தவர் ஒருவர்.

கடல் தெரிந்தவர் என்ற பட்டம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் கடலூரில் பிறந்தவன். பெங்களூரில் இது போதும். கடல்மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில் வாழ்கிறவர்களுக்குக் கடலோர மாவட்டத்தில் பிறந்த எவனும் பிறவி மாலுமி. நான் பிறந்தது அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில். அப்பாவுக்கு மாற்றல் வந்து நாங்கள் இங்கே குடியேறியபோது எனக்கு நான்கு வயது. இந்த இரண்டாவது பாதியை மட்டும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது என்று முப்பது வருடமாக ஒரு கொள்கை வைத்திருந்தேன்.

கொள்கை அதோடு நின்றிருந்தால் சரி. பொம்மனஹள்ளி மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்து "இது நேத்து மீன்" என்று உதட்டைப் பிதுக்குவேன். மொட்டைமாடியில் காற்று வீசினால் "சோழகம் கிளம்பிடுச்சு" என்பேன். சோழகம் என்பது மீனவர்கள் தென்றல் காற்றுக்கு வைத்திருக்கும் பெயர், புத்தகத்தில் படித்தது. அன்று வீசியது பக்கத்துச் சாக்கடையிலிருந்து வந்த காற்று. மச்சான் மூக்கைப் பொத்திக்கொண்டு, மரியாதையாகத் தலையாட்டினான்.

இப்போது அந்த மரியாதை வரி எண் போட்டு வந்திருந்தது. வரி பதினான்கு: அலை உடையும் இடத்தைத் தாண்டுதல். ஆறு அலைகளை விட்டுவிட்டு ஏழாவது அலையின் முதுகில் படகை ஏற்ற வேண்டும். பொறுப்பு: மாமா. நிலை: பச்சை.

இதை நான் சொன்னது அவன் மகள் பிறந்தநாள் சாப்பாட்டில். "கரையிலருந்து போறப்ப அந்த அலையை எப்படி மாமா தாண்டறது?" என்று கேட்டான். வாயில் பிரியாணி இருந்தது. "எண்ணணும். ஆறு போகவிடணும். ஏழாவதுல ஏறணும்" என்றேன். ஏன் ஏழு? ஐந்து என்றால் அவசரம் மாதிரி இருந்திருக்கும். எட்டு என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஏழு என்ற எண்ணுக்கு நம்மிடம் எப்போதும் ஒரு தெய்வ கடாட்சம் உண்டு. அவன் அப்போதே செல்போனை எடுத்துக் குறித்துக்கொண்டான். நான் தயிர்ப்பச்சடி கேட்டேன்.

பேச்சில் விடுகிற கதை காற்றோடு போய்விடும் என்பது என் நம்பிக்கை. அதைக் கட்டம் போட்டு எழுதி, பக்கத்தில் பச்சை வண்ணம் அடித்து ஒருவன் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை. பதினான்காவது வரியை இரண்டாம் முறை படித்தேன். இரண்டு பேர் அந்த வரியை நம்பித் தண்ணீரில் இறங்கப்போகிறோம். எங்களில் ஒருவனுக்கு நீச்சல் தெரியும். அது நானில்லை.

அந்த ஞாயிறு மதியம் புது லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். அது தாடையை மேலே தள்ளியது. வாய் தண்ணீருக்கு மேலே நிற்கும் என்று அர்த்தம். அல்லது நான் வாங்கியது சின்ன அளவு என்று அர்த்தம். மனைவி காபியோடு உள்ளே வந்தாள்.

"என்னங்க இது?"

"செக் பண்றேன். தம்பி சொன்னான்."

"கட்டில்லயா?"

"எங்கயாவது பண்ணணும் இல்ல."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "முதல்ல நான் வேணாம்னுதான் சொன்னேன். தண்ணி விஷயமாச்சே. நீங்க கூடப் போறீங்கன்னு சொன்னப்புறம்தான் மனசு ஒத்துக்கிச்சு. கூடப் பொறந்தவன்னு எனக்கு அவன் ஒருத்தன்தான்." காபியை என் மார்பின் மேல், ஜாக்கெட்டில் தட்டையாக இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். அது ஆடாமல் நின்றது. நான்தான் ஆடிப்போனேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் தேர்ந்தெடுத்த வழி, திட்டத்தைத் தானாகச் சாகவிடுவது. தினமும் மூன்று வேளை வானிலை பார்த்தேன். வங்கக்கடலில் ஒரு சின்ன காற்றழுத்தத் தாழ்வு, யாருக்கும் சேதமில்லாமல், எனக்காக மட்டும் உருவாகாதா என்று ஏங்கினேன். கடல் அந்த வாரம் முழுக்க ஒரு நல்ல குடும்பத்துப் பெண் போல நடந்துகொண்டது. பிறகு பயம் காட்டிப் பார்த்தேன். மோட்டார் நின்றுபோனால்? வரி இருபத்தொன்று, துடுப்பு இரண்டு. செல்போன் சிக்னல் போனால்? வரி இருபத்தாறு, வாக்கி டாக்கி. எந்தக் கவலையைச் சொன்னாலும் அதற்கு ஒரு கட்டம் வைத்திருந்தான். "சூப்பர் மாமா, இந்த மாதிரி பாயிண்ட்தான் வேணும். அனுபவம் இல்லாம இதெல்லாம் தோணாது" என்றான்.

செவ்வாய்க்கிழமை படகைத் தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும் என்றான். பெங்களூர் ஏரிகளில் விட்டால் போலீஸ் பிடிக்கும், அல்லது தோல் மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும். ஆனேக்கல் தாண்டி அவனுக்குத் தெரிந்த ஒரு விவசாயியின் நிலத்தில் பண்ணைக்குட்டை இருந்தது. கரும் பிளாஸ்டிக் ஷீட் விரித்து மழைநீர் பிடித்து வைத்த குட்டை. படகு உள்ளே போனதும் குட்டையில் மீதி இடம் அதிகம் இல்லை.

விவசாயி ஓடிவந்தார். "சார், மோட்டர் ஹாக்பேடி. ஷீட் ஹரிதோகத்தே." மோட்டார் போட்டால் ஷீட் கிழிந்துவிடும் என்று எங்களுக்கும் புரிந்தது. துடுப்பால் தள்ளிக்கொண்டு நடுவுக்குப் போனோம், அதாவது எட்டடி. எல்லை ஊர்க்காரர் ஆனதால் அவர் தமிழுக்கு மாறினார். "எங்க சார் எத்துக்கினு போறீங்க இதை?"

"கடலுக்கு" என்றான் மச்சான்.

"மீன் புடிக்கவா? மீனுக்கு ஏன் சார் அவ்ளோ தூரம்? இதுலயே கட்லா விட்டிருக்கேனே."

மச்சான் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றான். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்து நடந்தது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. ஞாபகம் திரும்பியபோது நான் படகின் அடியில் உட்கார்ந்து மச்சானின் முழங்காலைக் கட்டிப் பிடித்திருந்தேன். குட்டையின் ஆழம் என் இடுப்பளவு.

"பாத்தீங்களாண்ணா?" என்றான் மச்சான் விவசாயியிடம். "போட் ஆடினா நான் நிக்கறேன். மாமா ஒரே செகண்ட்ல கீழ உக்காந்துட்டார். இதுதான் அனுபவம்." அன்று மாலை ஷீட்டில் புதிய வரி வந்தது. படகு ஆடினால் உடனே அடியில் உட்காரவும். ஆதாரம்: மாமா.

வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு, போகலாமா கூடாதா என்று எல்லோரும் சேர்ந்து பேசும் 'கோ, நோ-கோ' போன் கால் வைத்திருந்தான். அவர்கள் ஆபீஸ் வழக்கம் அது. புதிய வேலை வெளியே போவதற்கு முன், ஒவ்வொருவரும் அவரவர் வரிக்குத் தன் வாயால் பச்சை அல்லது சிவப்பு சொல்ல வேண்டும். ஒரு சிவப்பு இருந்தாலும் வேலை போகாது. சொல்லாமல் நழுவ முடியாது. மச்சான் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வரவழைப்பான். நான் ஆபீஸ் வண்டியில், ஓசூர் ரோடு நெரிசலில் நின்றபடி சேர்ந்தேன். வீட்டிலிருந்து என் மனைவி. அவன் வீட்டிலிருந்து அவனும் அவன் மனைவியும்.

"பெட்ரோல்?" என்றான்.

"கிரீன்" என்றாள் அவன் மனைவி.

"குப்பத்துல பர்மிஷன்?"

"பேசியாச்சு. கிரீன்." அதையும் அவளே சொன்னாள்.

"ஆஸ்பத்திரி நம்பர்?"

"கிரீன்டா. அதெல்லாம் ஏன்டா இப்ப கேக்கற, பயமா இருக்கு" என்றாள் என் மனைவி.

"அலை தாண்டறது. மாமா?"

கார் ஒரு அடி நகர்ந்து நின்றது.

"மாமா, மியூட்ல இருக்கீங்க."

"மியூட்ல இல்ல."

"அப்ப சொல்லுங்க."

"ரெட்" என்றேன்.

"என்ன ரெட்?"

"ஏழாவது அலைன்னு ஒண்ணு கிடையாது. இருந்தாலும் எனக்குத் தெரியாது. நான் கடலூர்ல பொறந்ததோட சரி. நாலு வயசுல இங்க வந்துட்டேன். முட்டிக்கு மேல கடல்ல நின்னதில்ல. நீச்சலும் தெரியாது."

டிரைவர் ரேடியோவைக் குறைத்தார். அந்தப் பக்கம் மச்சானின் மனைவி சிரிப்பு மாதிரி ஒன்றை ஆரம்பித்து இருமலாக மாற்றினாள்.

"உங்க பேர்ல பதினேழு வரி இருக்கு" என்றான் மச்சான். குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "ஒண்ணொண்ணா படிக்கறேன். எது நெஜம், எது இல்லன்னு சொல்லுங்க. வாந்தி மாத்திரை?"

"நெஜம். வாங்கிட்டேன்."

"காத்து திசை மாறினா கடல் நெறம் மாறும்?"

"படிச்சது."

"பாருக்கு மேல தண்ணி வேற மாதிரி சுத்தும்?"

"அதுவும் படிச்சதுதான். கொஞ்சம் நானா சேத்தது."

"மோட்டார் நின்னா அலைக்கு மூஞ்சி காட்டி நிக்கணும்?"

"அது… சரியா இருக்கும்னு தோணுது. தெரியாது."

பதினேழையும் படித்தான். மாத்திரை, ஐஸ் பெட்டி, ஃபிளாஸ்க். நிஜம் மூன்றுதான். கடைசி வரி முடிந்ததும், "உங்களை நம்பி என் பொண்ணையும் கூட்டிட்டுப் போலாம்னு இருந்தேன் மாமா. அடுத்த தடவைக்கு" என்றான். போனை வைத்துவிட்டான்.

என் மனைவி வீட்டில் அன்று என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நான் கட்டில்ல வந்து உக்காந்தேனே, அப்பக்கூடவா?"

வெள்ளிக்கிழமை முழுக்க மச்சானிடமிருந்து சத்தமில்லை. ஷீட்டைத் திறந்து பார்த்தேன்; என் வரிகள் அப்படியே இருந்தன. மாலையில் ஒரு செய்தி மட்டும் வந்தது. 'நாளைக்குக் காலை அஞ்சு மணி. ரெடியா இருங்க.' திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பிடிவாதக்காரன், சொன்ன தேதியை அவன் வேலையில் ஒருமுறைகூடத் தள்ளிப்போட்டதில்லை என்று பெருமை பேசுவான். தெரியாதவன் ஒருவனையும், தெரியாது என்று ஒத்துக்கொண்டவன் ஒருவனையும் ஏற்றிக்கொண்டு அந்தப் படகு அலைக்குள் போவதை என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. போனால் முன்னால் நின்று மறிப்பது என்று முடிவு செய்தேன். தண்ணீருக்கு முன்னால், மணலில்.

காலையில் கார் வந்து நின்றது. எனக்கு முதலில் தெரிந்தது அதன் பின்பக்கம். டிரெய்லர் இல்லை. படகு இல்லை.

"ஏறுங்க" என்றான்.

ஏறினேன். பொம்மனஹள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி வந்தோம். அங்கே அவன் பின் சீட்டைக் காட்டினான். அச்சடித்த காகிதம் ஒன்று கிடந்தது. என் பதினேழு வரிகளில் பதினான்கு. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான்.

"குப்பத்துல ஒருத்தர் நம்மகூட வர்றதுக்கு ஒத்துக்கிட்டு இருக்கார். அவர் போட்லதான் போவோம், என்னைக்காவது. இன்னைக்குப் பேச மட்டும் போறோம். இந்தப் பதினாலையும் நீங்கதான் அவர்கிட்ட கேக்கணும்."

"நானா?"

"நீங்கதான். எங்க மாமா கடலூர்க்காரர்னு அவர்கிட்ட ஏற்கெனவே சொல்லித் தொலைச்சிட்டேன். அதையும் நீங்களே சரி பண்ணுங்க."

சரி என்றேன். காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டேன். அத்திபெலேயில் அவன் மனை இருக்கும் தெருவைத் தாண்டினோம். அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஓசூர் எல்லையில் கிழக்கே வானம் கனத்துக் கறுத்திருந்தது. மச்சான் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தான்.

"மழை வருமா மாமா?"

பழக்கத்தில் கேட்டுவிட்டான். எனக்கும் பழக்கத்தில் பதில் நாக்கு வரை வந்துவிட்டது. மேகத்தின் அடி, காற்றின் திசை, எல்லாம் தயாராக இருந்தன.

"தெரியலடா" என்றேன்.

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு கையை நீட்டித் தன் பக்கத்து ஜன்னலை ஏற்றிக்கொண்டான்.