ஹோத்தாசியின் அம்மா யார்?

எங்கள் ஏரிக்கரை ஊரான பாலிகேயின் சந்தையில் கெண்டை மீன் விற்கும் தியோமினார் என்ற பெண்தான் எங்கள் சபையின் ஃபேஸ்புக் குழுவில் சொந்தப் பெயரில் எழுதிய ஒரே ஆள். மற்றவர்கள் எல்லாம் பார்லினின் அப்பா, ரூகுனின் அம்மா. பத்தாக் மக்களான எங்களில், பிள்ளை பெற்றவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கன்னத்தில் அறைவதற்குச் சமம். தலைப்பிள்ளையின் பெயர்தான் மரியாதை. தியோமினாருக்குப் பிள்ளை இல்லை. கணவரும் இறந்துவிட்டார்.

கோயிலில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று அவள் மூன்று முறை எழுதினாள். இரண்டு கட்டைவிரலும் ஒரு கும்பிடும் வந்தன, தாழ்ப்பாள் வரவில்லை. உள்ளே போனவர் வெளியே வரும்வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஏற்பாடு.

பிறகு ‘ஹோத்தாசியின் அம்மா’ என்று ஒருவர் குழுவில் முளைத்தார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஏரிப் படம். அதே தாழ்ப்பாள், அதே சொற்கள். மூப்பர் மங்காந்தார் “மன்னிச்சிடுங்க அம்மா” என்று பதில் போட்டு, அந்த வாரமே திருப்புளியோடு வந்து நின்றார்.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? மூப்பரின் அறிவிப்புகள் பிரசங்கத்தைவிட நீளம் என்று அடுத்து எழுதினார் ஹோத்தாசியின் அம்மா. சபையே கைதட்டியது. மூப்பருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“விசுவாசிக்கு முகமூடி எதுக்கு? இனிமே அடையாள அட்டையில இருக்கிற பேரு மட்டும்தான்!” என்று சட்டம் போட்டார். கீழே கையொப்பம்: பார்லினின் அப்பா.

மறுநாள் குழுவில் யாருக்கும் யாரையும் தெரியவில்லை. வருடக்கணக்காக என் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவளையே “நீங்க எந்த ஊரு?” என்று கேட்டுத் தொலைத்தேன். மருமகள்கள் மாமனார் பெயரைத் திரையில் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்கள். பாடகர் குழுவின் பொடிப்பெண் ஒருத்தி “சூப்பர், மங்காந்தார்!” என்று மூப்பருக்கே எழுதினாள். சட்டம் அன்றோடு செத்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர் திருத்தம் வாசித்தார். பிள்ளை பெயரில் எழுதலாம். ஆனால் அந்தப் பிள்ளை நிஜமாக இருக்க வேண்டும்.

“நம்ம சபையில ஹோத்தாசின்னு யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கல. யாரு அந்த அம்மா? எழுந்திரிங்க!”

தியோமினார் எழுந்தாள்.

“நான்தான் ஐயா. ஹோத்தாசி பிறக்கவே இல்ல. நானும் அவரும் பேரு மட்டும் பார்த்து வெச்சிருந்தோம்.”

“ஓ, நீயா! இல்லாத பிள்ளைக்கு அம்மாவா? பொய் இல்லையா அது? உனக்குத்தான் நாங்க வெச்ச பேரு இருக்கே, பைமாவோட அம்மான்னு. அதைப் போட்டுக்க.”

‘எழுந்திரிங்க’ ஒரே மூச்சில் ‘நீ’ ஆகிவிட்டது. பைமா என்றால் காத்திரு என்று பொருள். புதுப்பெண்ணுக்குக் குழந்தை பிறக்கும்வரை கொடுக்கிற இரவல் பெயர் அது. தலை நரைத்த பிறகும் இவள் முதுகுக்குப் பின்னால் அதைத்தான் சொல்கிறார்கள்.

தியோமினார் கேட்டாள்: “அந்தப் பைமாவுக்கு எப்போ ஞானஸ்நானம் கொடுத்தீங்க, ஐயா?”

மூப்பர் அவசரமாகக் கண்ணை மூடி, “ஜெபிப்போம்” என்றார். “ஆண்டவரே, எங்க சகோதரி...” என்று ஆரம்பித்தவருக்கு மேலே ஓடவில்லை. எந்தப் பெயரைச் சொல்வது?

“இவங்க யாருன்னு உமக்கே தெரியும், ஆண்டவரே. ஆமென்” என்று முடித்துக்கொண்டார்.