தோடம்பழமும் மூன்று வான்களும்

போன கிழமை செயின்ட்-மிஷேல் மெட்ரோவில் பக்கத்து இருக்கைப் பெண் தோடம்பழம் உரித்தாள். ஆரஞ்சு வாசம் மூக்கில் ஏறியதும் என் கண்கள் தாமாகவே அகலத் திறந்துகொண்டன. சிரிக்காதீர்கள், பழைய பழக்கம்.

அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் கலியாணம் என்றால் நாங்கள் சகோதரர் மூவரும் மொன்றியலிலிருந்து மூன்று வான் வண்டிகளில் புறப்படுவோம். குடியிருப்பது ஒரே தெரு, போவது ஒரே மண்டபம். ஆனால் இன்னொருவர் வானில் போய் இறங்கினால், "உங்கடை வான் எங்கை? வித்துப்போட்டியளோ?" என்று மண்டப வாசலிலேயே கேட்பார்கள். மானம் கப்பலேறிவிடும். ஆகவே எங்கள் வானின் பின் இருக்கைகளில் என் மனைவி வசந்தியின் பட்டுச் சேலைகள் எங்கள் மகளோடு சொகுசாகப் பயணம் செய்தன.

நான் துறைமுகப் பக்கக் களஞ்சியம் ஒன்றில் இரவு வேலை முடித்து, முகம் கழுவிய கையோடு வானை எடுப்பேன். எனக்குத் தூக்கம் வராமலிருக்க வசந்தி வழி முழுக்கக் கதைத்துக்கொண்டே வருவாள். யார் யாரோடு கோபம் என்பதையெல்லாம் அப்படித்தான் அறிந்தேன். கதை தீர்ந்தால் தோடம்பழச் சுளையை வாயில் திணிப்பாள்.

ஒருமுறை சுளையை மென்றபடியே கண்ணயர்ந்துவிட்டேன். சக்கரம் சரளைக்கல்லில் இறங்க, வசந்தி அலற, வான் எப்படியோ நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. பின்னால் வந்த தம்பி தன் வானை நிறுத்திவிட்டு ஓடிவந்தான்.

சேலைகளுக்கு நடுவிலிருந்து மகள் வெடித்தாள். "பூர்குவா, அப்பா?" கோபம் வந்தால் அவளுக்கு 'ஏன்' என்பதும் பிரெஞ்சில்தான் முந்தும். "சித்தப்பான்ரை வானிலை சீற் எல்லாம் சும்மா கிடக்கு. ஒரு கலியாணத்துக்கு ஏன் மூண்டு வான் புகை?"

தம்பி தலையைச் சொறிந்தான். "அவள் சொல்லுறது சரிதானே. இதை அடுத்த பெற்றோல் செட்டிலை விட்டிட்டு, என்னோடை வாங்கோ அண்ணை."

மண்டப வாசலில் அதே கேள்வி காத்திருந்தது.

"இன்னும் இல்லை. விக்கப் போறன்," என்றேன். அப்பாடா என்றிருந்தது.

விற்றும்விட்டேன். இப்போது வேலைக்குப் பஸ், கடைக்கு மெட்ரோ. பனி கொட்டினால் வானைத் தோண்டி எடுக்கும் வேலையில்லை. மகள் சொற்படி, கோடை விடுமுறைக்கும் விமானம் ஏறாமல் பஸ் போகும் ஏரிக்கரையாகப் பார்த்துப் போகிறோம்.

ரொறன்ரோவுக்கு ரயில். நகரம் தாண்டுமுன்பே வசந்தி என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறாள். வான் இருந்த காலத்தில் எந்தப் பயணத்திலும் அவள் கண் மூடியதில்லை என்பது முதல் ரயில் பயணத்தில்தான் எனக்கு உறைத்தது. வான் போயிற்று, அதன் புகை போயிற்று, அவள் சொல்லும் கதைகளும் போயின. யார் யாரோடு கோபம் என்று இப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பழக்கதோஷத்தில் அவள் பையில் வைக்கும் தோடம்பழம் மட்டும் உரிக்கப்படாமலே வீடு திரும்புகிறது.