தட்டுக் கண்ணாடிக்கு ஒரு எண்

போடியில் கண்ணாடி போட்ட நூறு பேரை வரிசையாக நிறுத்தினால், அறுபது பேர் மூக்கில் இருப்பது பால்சாமி கொடுத்ததாகத்தான் இருக்கும். இதை பால்சாமியே சொல்வார். எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை. மறுத்துப் பேசியவரும் இல்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ராசிங்காபுரத்திலிருந்து தகரப் பெட்டியில் கண்ணாடிகளை அடுக்கிக்கொண்டு வந்து, ஏலக்காய்க் கம்பெனி வாசல்களில் வெயிலில் நின்று விற்றவர். அப்படிப்பட்டவர் இன்று ஏசி போட்ட கடையில், கண் பரிசோதிக்கப் படித்த ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், அது சும்மா வந்துவிடவில்லை.

அவர் கடையில் எந்தக் கண்ணாடிக்கும் அவர் வைத்ததுதான் பெயர். ஏலக்காயைத் தரம் பிரித்துப் பொறுக்கும் பெண்கள் நாளெல்லாம் தட்டின் மேல் குனிந்திருப்பார்கள். அவர்களுக்கு உள்ளது தட்டுக் கண்ணாடி. போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் பனிமூட்டத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஜீப்புக் கண்ணாடி. கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர்களுக்கு ஆபீஸ் கண்ணாடி. இப்படி நாற்பத்தேழு பெயர்கள். லென்சு தேய்த்துக் கொடுக்கும் மதுரை லேபுக்குப் போன் போட்டு, பவரைச் சொல்லி, தட்டு ஒன்று, ஜீப்பு இரண்டு என்பார். அங்கே இருந்த முத்துப்பாண்டி என்ற மூத்த ஆள், எதற்கு எந்தப் பூச்சு, எந்த நிறம் என்று தானே போட்டு அனுப்பிவிடுவார். முப்பது வருசம் இப்படியே ஓடியது.

முத்துப்பாண்டி போன மாதம் ஓய்வு பெற்றார். லேபும் போன் ஆர்டரை நிறுத்திவிட்டது. இனிக் கடைக் கம்ப்யூட்டரில் பில் போட்டால் ஆர்டர் தானாக லேபுக்குப் போய்விடும். அதற்குக் கடையின் ஒவ்வொரு பெயருக்கும் நேராக லேபின் எண் ஒன்றைப் பொருத்த வேண்டும். அந்த வேலைக்காக லேபிலிருந்து கார்முகில் என்ற பெண், திங்கட்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கினார்.

பழைய லேப் பில்களை எடுத்து வையுங்கள், ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் போடலாம் என்றார் கார்முகில். பால்சாமிக்குச் சிரிப்பு வந்தது.

"ஏட்டப் பாத்துச் சொல்றதுக்கு வேற ஆளு இருக்கு தாயி. நீ கேளு, நான் சொல்றேன். வெரசா முடிச்சிருவோம்."

அரை மணி நேரத்தில் நாற்பத்தேழையும் மனப்பாடமாக ஒப்பித்தார். ஜீப்புக்குத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாக இரண்டு பவர், பூச்சு உண்டு, லேசான மஞ்சள் என்றார். கடைசியில் தட்டு வந்தது. அதுவும் ஜீப்பு மாதிரிதான், அதே எண்ணைப் போடு என்றார். அவர் மனதில் இருந்தது இரண்டு பவர் சேர்ந்த அந்த அமைப்பு மட்டும்தான். தட்டுக்கு நிறம் கூடாது என்பதை அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவையே முப்பது வருசத்தில் வந்ததில்லை. பெயரைக் கேட்டதும் முத்துப்பாண்டி பார்த்துக்கொள்வார். கார்முகில் இன்னொரு முறை கேட்டார். கண்ணாடி விசயத்தில் என்னிடம் இரண்டாந்தடவை கேட்ட முதல் ஆள் நீதான் என்று பால்சாமி கேலி செய்தார். கார்முகிலும் சிரித்துக்கொண்டே அதே எண்ணைப் போட்டார்.

அன்றைக்குப் புது முறையில் போன முதல் ஆர்டர் சோலையம்மாளுடையது. போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் காய் பொறுக்குகிறவர். சென்ற மாதம் அவர் பிரித்த பச்சைக் காயில் வெளுத்த காய் கலந்து போய்விட்டது. வருகிற திங்கட்கிழமை ஒரு தட்டு காயைக் கொடுத்துப் பார்ப்பேன், அதிலும் கலந்தால் காட்டு வேலைக்குத்தான் போக வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். முழங்கால் தேய்ந்துபோன சோலையம்மாள் ஏலக்காட்டுச் சரிவில் நாலு எட்டு ஏறினால் உட்கார்ந்துவிடுவார். காட்டு வேலை என்றால் அவருக்கு வேலை இல்லை என்றுதான் பொருள்.

வியாழக்கிழமை லென்சு வந்தது. சோலையம்மாளும் ஜீப்பில் இறங்கி வந்தார். பால்சாமி தட்டுக் கண்ணாடியை எழுத்து அட்டை காட்டிச் சோதிப்பதில்லை. ஒரு தட்டில் பச்சையும் வெளுத்ததுமாக ஒரு கைப்பிடிக் காயைக் கலந்து வைத்து, பிரிக்கச் சொல்வார். சோலையம்மாள் பிரித்தார். பச்சைக் குவியலில் நாலு வெளுத்த காய்கள் கிடந்தன.

"எல்லாம் ஒரே கணக்காத் தெரியுதுண்ணே. என் கண்ணு போயிருச்சு போல."

பால்சாமி கண்ணாடியை வாங்கி வெள்ளைத் தாளின் மேல் பிடித்தார். தாள் மஞ்சளாகத் தெரிந்தது.

உடனே கார்முகிலுக்குப் போன் போட்டார். லேபை ஒரு பிடி பிடித்தார். கார்முகில் கடைசி வரை கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: கடையிலிருந்து என்ன எண் வந்ததோ அதுதான் தேய்க்கப்பட்டிருக்கிறது. திருப்பிச் செய்யக் கேட்டால் கம்ப்யூட்டர் காரணம் கேட்கும். லேப் தப்பு என்று போட்டால் இந்த லென்சு மதுரைக்குத் திரும்பி வந்து, சோதித்து, அப்புறம்தான் புதுசு, செவ்வாய்க்கிழமை ஆகிவிடும். கடைத் தப்பு என்று போட்டால் இன்றைக்கே தேய்த்து, சனிக்கிழமைக் காலை பஸ்ஸில் வந்துவிடும்.

"எதப் போடணும்னு நீங்கதான் சொல்லணும் ஐயா."

கடையில் வாடிக்கையாளர் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் எதிரே கண்ணாடிக் கடை வைத்திருப்பவரின் மச்சான். பால்சாமியின் வாயிலிருந்து தப்பு என்ற சொல் அடுத்தவரைப் பற்றித்தான் வரும் என்பது அந்த மச்சானுக்கும் தெரியும். சோலையம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து, அந்த நாலு காயையும் விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"கடைத் தப்புன்னு போடு தாயி," என்றார் பால்சாமி, குரலைத் தாழ்த்தாமலே. "தட்டுக்கு ஜீப்பு நெறத்தச் சொன்னது நான்தான்." பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "ஒங் கண்ணுல ஒரு கொறையும் இல்ல ஆத்தா. சனிக்கெழம வா, நான் இருக்கேன்."

மச்சான் இருமினார். பால்சாமி அவர் பக்கமே பார்க்கவில்லை. அன்று மத்தியானம் பழைய பில் கட்டுகளைப் பிரித்துப் போட்டு, கார்முகிலைப் போனிலேயே வைத்துக்கொண்டு, நாற்பத்தேழையும் மறுபடி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணாடியில் இன்னொரு பிசகும் அகப்பட்டது. தட்டுக்கு நிறமில்லாத லென்சின் எண் ஏறியது.

சனிக்கிழமை வந்த கண்ணாடியைப் போட்டு சோலையம்மாள் இரண்டு தடவை பிரித்தார். இரண்டு தடவையும் ஒன்றுகூடக் கலக்கவில்லை. இருந்தாலும் திங்கட்கிழமை மத்தியானம் பால்சாமி சாப்பிடப் போகாமல் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மணிக்குச் சோலையம்மாளிடமிருந்து போன் வந்தது. சூப்பர்வைசர் காயைத் தானே கிளறிக் கிளறிப் பார்த்தாராம். பார்த்துவிட்டு, அடுத்த மூட்டையைப் பிரித்து சோலையம்மாள் முன்னால் கொட்டச் சொன்னாராம்.

"பெறகு? கண்ணாடி குடுத்தது யாரு?" என்றார் பால்சாமி.

போனை வைத்ததும், தன் தப்பைத் தன் வாயாலேயே நாலு பேர் முன்னால் ஒத்துக்கொண்ட கண்ணாடிக்காரன் தேனி மாவட்டத்திலேயே தான் ஒருத்தன்தான் என்று கடையில் இருந்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.