டீக்கடையில் படித்த மெசேஜ்

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை பார்த்த காலத்தில் ஒருநாள் மூச்சு அடைத்து விழுந்தேன். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஆக்சிஜன் வைத்தார்கள். சிகரெட்டை விடாவிட்டால் அடுத்த தடவை பிழைப்பது கஷ்டம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அதற்குப் பிறகு என் மூச்சையே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

சிகரெட்டை விட உதவியாகத் தினமும் செல்போனுக்கு மெசேஜ் வரும் என்று நர்ஸம்மா நம்பரை எழுதிக்கொண்டார். வந்தது, இங்கிலீஷில். நான் ஐந்தாவதோடு நின்றவன். வீட்டில் மனைவிக்கும் இங்கிலீஷ் தெரியாது. எங்கள் ஷிப்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர்தான். அவர் கிரேனை விட்டு இறங்குவதே டீக்கடைக்குப் போய்ப் புகைக்கத்தான்.

"இன்னா நைனா, டாக்டரம்மா இன்னா சொல்றாங்க? இத்த கொஞ்சம் புடி" என்று எரிகிற சிகரெட்டை என் விரலிடுக்கில் செருகிவிட்டுப் போனை வாங்குவார். "சிகரெட் புடிக்கிறவங்க பக்கத்துல நிக்காதன்னு போட்டுக்குது!" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

ஒருநாள் மெசேஜ் நீளமாக இருந்தது. அவர் படித்து முடிப்பதற்குள் சிகரெட் என் வாய்க்குப் போய்விட்டது. சாயங்காலம் ரயில்வே பாலத்தில் ஏற முடியாமல் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

மறுபடி பரிசோதனைக்குப் போனபோது, "போன் பண்ணி வாயால சொல்லக் கூடாதாம்மா?" என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன்.

"அது கம்ப்யூட்டர் தானா அனுப்புதுண்ணா. படிச்சவங்க யார்னா இருந்தா காட்டுங்க."

படித்தவரிடம் காட்டித்தானே இந்தக் கதி! தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் மெசேஜ் வந்ததும் கடைக்குப் போனேன். கிரேன்காரர் போனை வாங்கிக்கொண்டு வழக்கம்போல சிகரெட்டை நீட்டினார்.

"அத்த கீழ போட்டுட்டுப் படிங்கண்ணே."

"இப்பதான் நைனா பத்த வெச்சேன். காசு இன்னா மரத்துலயா காய்க்குது?"

"அப்போ வேணாம், குடுங்க."

"பார்றா, நல்லதுக்கு உதவுனா ரோஷம்!"

போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஆலைக்குத் திரும்பினேன். அன்று நான் புகைக்கவில்லை. ஆனால் அந்த மெசேஜில் ஏதாவது முக்கியமாகச் சொல்லியிருப்பார்களோ என்று ஷிப்ட் முடியும்வரை போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.